கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேராசிரியர் ஆவது: கொழிஞ்சாம்பாறைத் தகப்பனார் ஒருவருக்கு விரிவான பதில்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் பாலக்காட்டில் பி.டெக் எலக்ட்ரிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். பத்தாவது வரை தமிழ் மீடியம். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம் பிடித்துப்போய், அதிலேயே பிஎச்டி முடித்து புரொபசர் ஆகப்போகிறேன் என்கிறாளாம். "எங்களுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும்தான். அது என்ன வேலை, எத்தனை வருஷம் ஆகும், நடுவில் வருமானம் உண்டா, தமிழ் மீடியம் பிள்ளை தாக்குப்பிடிக்குமா?" என்பது அவர் கேள்வி.

ஐயா, நானும் உங்கள் சித்தூர் தாலுகாக்காரன்தான். தமிழ் மீடியத்தில் படித்து, பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் முப்பது வருஷத்துக்கு மேல் இதே பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் அது என்ன வேலை என்பதைப் பார்ப்போம். அதற்கு உங்கள் வாய்க்காலே போதும். ஆழியாறு அணையில் திறந்துவிடும் தண்ணீர் மணக்கடவு தடுப்பணையைத் தாண்டி, மூலத்தறை ரெகுலேட்டருக்கு வந்து, அங்கிருந்து இடது, வலது கால்வாய்களாகப் பிரிகிறது. 1970-ல் தமிழ்நாடும் கேரளமும் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு வரவேண்டும். அந்தக் கணக்கு மேலே உள்ளவர்கள் பார்ப்பது. உங்களுக்கு வேண்டியது, மூலத்தறையில் ஷட்டரைத் தூக்கினால் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது.

ஷட்டரைத் தூக்கியதும் தண்ணீர் வந்துவிடாது. நேரம் எடுக்கும். கடைமடையில் இருப்பவர் போன் போட்டு "இன்னும் வரலையே" என்கிறார். ஷட்டர்காரர் இன்னும் கொஞ்சம் தூக்குகிறார். மறுபடியும் போன் வருகிறது, மறுபடியும் தூக்குகிறார். முதலில் திறந்தது, பிறகு திறந்தது எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கடைமடைக்கு வந்து கரை உடைகிறது. உடனே முழுக்க அடைக்கிறார். இரண்டு நாள் கழித்து வாய்க்கால் காய்கிறது. ஷட்டர்காரர் சோம்பேறி இல்லை. அவர் அவசரப்பட்டதுதான் சிக்கல். செயலுக்கும் அதன் விளைவுக்கும் நடுவே உள்ள தாமதத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

எவ்வளவு திறப்பது, எதைப் பார்த்துத் திறப்பது, எப்போது கையை எடுப்பது என்பதைக் கணக்குப் போட்டு நிறுவுவதுதான் உங்கள் மகளுக்குப் பிடித்துப்போன பாடம். கீழே என்ன நடக்கிறது என்று பார்த்து மேலே திருத்துவதைப் பின்னூட்டம் என்கிறோம். இப்போது சொன்ன தாமதத்தை எங்கள் பாடத்தில் டெட் டைம் என்போம். அதற்கு ஓட்டோ ஸ்மித் என்பவர் 1957-ல் ஒரு வழி சொன்னார். வழியில் வந்துகொண்டிருக்கும் தண்ணீரையும் மாதிரிக் கணக்கில் வைத்துக்கொண்டு, இனிமேல் எவ்வளவு திறக்கவேண்டும் என்று முடிவெடுப்பது. இன்று வரை பாய்லரிலும் காகித ஆலையிலும் அதன் சாயல் உண்டு. கால்வாயிலும் இதைச் செய்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் எரிக் வெயர், ஐவன் மரீல்ஸ் என்ற பேராசிரியர்கள் ரூபிகான் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து பாசனக் கால்வாய் ஷட்டர்களைத் தானாக இயங்க வைத்தார்கள். ஆக, உங்கள் மகள் ஆசைப்படுவது எங்கேயோ ஆகாயத்தில் இருக்கிற விஷயத்துக்கு இல்லை. ஆனால் ஆகாயத்துக்கும் இதே கணக்குத்தான். ராக்கெட்டின் முனையைத் திருப்புவது, டிரோன் காற்றில் நிலையாக நிற்பது, சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் பம்ப் எவ்வளவு விடவேண்டும் என்பது எல்லாம் ஒரே சமன்பாட்டுக் குடும்பம்.

அவள் இந்த செமஸ்டரில் படிக்கிற ரவுத் அட்டவணை, ஓர் அமைப்பு ஆட்டம் போடாமல் நிலையாக நிற்குமா என்று சொல்லும் கணக்கு, 1877-ல் வந்தது. அதற்கு முன்பே 1868-ல் மாக்ஸ்வெல் நீராவி எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை எடுத்துக்கொண்டு, அது ஏன் சில சமயம் ஆட்டம் போடுகிறது என்று எழுதினார். 1922-ல் மினோர்ஸ்கி கப்பல் சுக்கானைப் பார்த்து எழுதியது இன்று ஆலைகளில் பரவலாக ஓடும் பிஐடி என்ற வகைக் கன்ட்ரோலருக்கு அடிப்படை. நைக்விஸ்ட் 1932-ல் எழுதியது டெலிபோன் கம்பெனியின் ஆம்ப்ளிஃபயருக்காக. சீக்லர், நிக்கல்ஸ் இருவரும் 1942-ல் சொன்ன ட்யூனிங் விதி, அதாவது கன்ட்ரோலரின் எண்களைச் சரியாக வைக்கும் விதி, கருவி செய்யும் கம்பெனியின் வேலையிலிருந்து பிறந்தது. இவ்வளவையும் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. இந்தத் துறையின் பெரிய யோசனைகளில் பல ஏதோ ஒரு எந்திரம் அடம்பிடித்ததால் வந்தவை. அடம்பிடிக்கிற எந்திரத்தைக் கண்ணால் பார்த்த பேராசிரியரின் வகுப்பும், பாராதவரின் வகுப்பும் ஒன்றாக இருக்காது. உங்கள் மகளிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

சரி, வருஷக் கணக்கு.

பி.டெக் முடிக்க இன்னும் ஒன்றரை வருஷம். அதற்குள் கேட் (GATE) என்ற பொறியியல் மேற்படிப்புத் தேர்வு எழுதவேண்டும். எலக்ட்ரிக்கல் தாளிலும் இன்ஸ்ட்ருமெண்டேஷன் தாளிலும் கன்ட்ரோல் ஒரு பகுதியாகவே வருகிறது. மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். அதை வைத்து எம்.டெக் சேர்ந்தால் இரண்டு வருஷம், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. நல்ல மதிப்பெண் இருந்தால் ஐஐடிகளில் பி.டெக் முடித்த கையோடு நேராக பிஎச்டியே சேரலாம். பிஎச்டியில் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, அதன் பிறகு 42,000, அதற்கு மேல் வீட்டு வாடகைப் படி. 2023-லிருந்து இதுதான் தொகை. பிரதமர் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் கிடைத்தால் 70,000-ல் தொடங்கி 80,000 வரை போகும். பிஎச்டி முடிய பெரும்பாலும் ஐந்து வருஷம். அப்புறம் ஒன்று இரண்டு வருஷம் வெளியூரிலோ வெளிநாட்டிலோ போஸ்ட் டாக், அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை. ஆக, ஒரு நல்ல நிறுவனத்தில் அசிஸ்டன்ட் புரொபசராக உட்காரும்போது அவளுக்கு வயது இருபத்தொன்பது, முப்பது ஆகியிருக்கும். அதுவரை தோப்பை விற்கவேண்டிய அவசியம் இல்லை. அவள் செலவை அவள் பார்த்துக்கொள்வாள், வீட்டுக்குப் பெரிதாக அனுப்ப முடியாது. இதை மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

எங்கே படிப்பது? ஐஐடி பாம்பேயில் சிஸ்டம்ஸ் அண்ட் கன்ட்ரோல் என்று தனிப் பிரிவே இருக்கிறது. சென்னை, கரக்பூர் ஐஐடிகளிலும் பெங்களூர் ஐஐஎஸ்சியிலும் பலமான ஆட்கள் உண்டு. திருச்சி என்ஐடியில் இன்ஸ்ட்ருமெண்டேஷன் அண்ட் கன்ட்ரோல் என்று ஒரு துறை. நம் வாசலிலேயே பாலக்காடு ஐஐடி இருக்கிறது. 2015-ல் அது தொடங்கியது கோழிப்பாறையில், நம் ஆட்கள் பஸ்ஸில் தினமும் கடக்கிற இடத்தில், தற்காலிக வளாகத்தில். இப்போது கஞ்சிக்கோட்டில் சொந்த வளாகம். நான் படித்த காலத்தில் அந்த வழியாகப் போனால் பனையும் சோளக்காடும்தான்.

ஆனால் நிறுவனத்தின் பெயரைவிட ஒன்று முக்கியம். அதற்குத்தான் இந்தப் பதிலில் அதிக இடம் கொடுக்க நினைக்கிறேன். பிஎச்டிக்கு வழிகாட்டும் பேராசிரியரான கைடு யார், அவர் கொடுக்கும் பிரச்சினை எது என்பதுதான் அது. பிஎச்டி என்பது ஒரு ஆளோடும் ஒரு கேள்வியோடும் ஐந்து வருஷம் குடித்தனம் நடத்துவது. நம் ஊரில் பெண் கொடுக்குமுன் நாலு இடத்தில் விசாரிக்கிறோம். கைடு விஷயத்தில் யாரும் விசாரிப்பதில்லை. கவுன்சலிங்கில் எந்தப் பெயர் காலியாக இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான் சேர்ந்தார். கைடு பெரிய பொறுப்பில் இருந்தவர். மாதத்தில் ஒரு நாள், அதுவும் காரில் ஏறப் போகும்போது, கால் மணி நேரம் பேசுவார். மூன்று வருஷம் கழித்துத்தான் நண்பருக்குத் தெரிந்தது, அவர் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு ஒருவர் பத்து வருஷம் முன்பே முடித்துவைத்தது என்று. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். முடித்தார், ஆனால் எட்டு வருஷம் ஆனது. அந்த வருஷங்களில் அவர் வீட்டில் நடந்த பேச்சுகளை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எப்படி விசாரிப்பது? அந்தக் கைடிடம் கடைசியாக முடித்த நாலைந்து பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருஷத்தில் முடித்தார்கள் என்று பார்க்கலாம். அவர்கள் பெயர் துறையின் பக்கத்திலேயே இருக்கும். இப்போது படிக்கிறவர்களிடம், "வாரத்தில் எத்தனை தடவை உட்கார்ந்து பேசுவார்? தப்பு சொன்னால் கோபப்படுவாரா, கரும்பலகைக்கு வருவாரா?" என்று கேட்கலாம். கரும்பலகைக்கு வருகிறவர் கிடைத்தால் விடக்கூடாது. அவருடைய சமீபத்திய கட்டுரை இரண்டை எடுத்து, புரிகிறவரை படித்துப் பார்க்கவேண்டும். முழுக்கப் புரியாது, பரவாயில்லை. இந்தக் கேள்வியோடு ஐந்து வருஷம் இருக்க மனசு வருகிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

கேள்வியைப் பற்றி இன்னொன்று. எங்கள் துறையில் இரண்டு வகை ஆராய்ச்சி உண்டு. ஒன்று தேற்றமும் நிறுவலும். மற்றது ஆலையிலோ வண்டியிலோ ஓட்டிக் காட்டுவது. இரண்டில் எது உசத்தி என்று சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில், ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே வைத்தவர்கள்தான் முப்பது வருஷம் சலிப்பில்லாமல் ஓடினார்கள்.

என் சொந்த உதாரணம் சொல்கிறேன். கஞ்சிக்கோட்டில் மத்திய அரசின் இன்ஸ்ட்ருமெண்டேஷன் லிமிடெட் 1970-களிலிருந்து கன்ட்ரோல் வால்வ் செய்துவந்தது. நான் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில் மாணவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போவேன். வால்வைத் திறந்து மூடும் தண்டான ஸ்டெம்மைச் சுற்றி ஆவி கசியாமல் இருக்க பேக்கிங் இறுக்கியிருப்பார்கள். கொஞ்சம் கூடுதலாக இறுகிவிட்டால், கன்ட்ரோலர் "நகர்" என்று சொல்லும்போது ஸ்டெம் நகராது. கன்ட்ரோலர் இன்னும் அழுத்தும். ஒரு கட்டத்தில் ஸ்டெம் சடக்கென்று குதித்து, வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடும். திரும்பி வரும்போதும் அதே கதை. விளைவு, ஆலை முழுக்க ஓயாத ஊசலாட்டம். வகுப்பில் நான் வால்வை ஒரு நேர்கோடாகப் போட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு ஃபிட்டர் ஸ்பேனரை வைத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தார். அதுதான் பிறகு என் ஆராய்ச்சிக் கேள்வி ஆனது: வால்வைக் கழற்றாமல், பதிவான அழுத்த அளவையும் ஓட்ட அளவையும் மட்டும் பார்த்து, ஊசலாட்டத்துக்குக் காரணம் வால்வா, ட்யூனிங்கா என்று சொல்ல முடியுமா? உலகத்தில் பலர் இதே கேள்வியில் வேலை செய்தார்கள், இன்னும் செய்கிறார்கள்.

நான் பிஎச்டி செய்தது வேலையில் இருந்துகொண்டே. க்யூஐபி என்று ஒரு திட்டம் 1970-லிருந்து இருக்கிறது. பொறியியல் கல்லூரி ஆசிரியர்களைச் சம்பளத்தோடு ஐஐடி போன்ற இடங்களுக்கு அனுப்பிப் படிக்க வைப்பார்கள். இது உங்கள் மகளுக்கும் பின்னால் ஒரு வழி. எம்.டெக் முடித்ததும் குடும்பச் சூழ்நிலை காரணமாக வேலைக்குப் போகவேண்டி வந்தால், கதவு அதோடு சாத்திவிடாது.

பிஎச்டி நடுவில் ஒரு காலம் வரும், அதை நீங்கள் தெரிந்து வைத்திருக்கவேண்டும். முதல் வருஷம் பாடங்கள், தேர்வு, காம்ப்ரிஹென்சிவ் வைவா என்ற வாய்மொழித் தேர்வு எல்லாம் இருக்கும். போகிற வேகம் கண்ணுக்குத் தெரியும். இரண்டாம், மூன்றாம் வருஷங்களில் வெளியே காட்ட எதுவும் இருக்காது. எனக்கு ஒரு நிறுவல் எட்டு மாதம் சரியாக இருப்பதாகத் தோன்றியது. ஒரு நாள் ராத்திரி ஹாஸ்டலில் திரும்ப எழுதிப் பார்த்தபோது இரண்டாம் பக்கத்திலேயே ஓட்டை. நான் நேர்மக் குறி என்று எடுத்துக்கொண்ட அணி (மேட்ரிக்ஸ்) எல்லா நேரமும் அப்படி இருக்காது. மறுநாள் கைடிடம் சொன்னேன். அவர் எழுந்து கரும்பலகைக்கு வந்தார். ஐந்து மாதத்தில் வேறு வழியில் சரி செய்தோம். எங்கள் துறையின் பெரிய இதழ்களான ஐஇஇஇ டிரான்ஸாக்‌ஷன்ஸ் ஆன் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோல், ஆட்டோமேட்டிகா இரண்டிலும் ஒரு கட்டுரை போட்டால் முடிவு வர மாதக்கணக்காகும், திருத்தம் அது இது என்று வருஷமும் தாண்டும். டிசம்பரில் நடக்கும் சிடிசி என்ற உலக அளவிலான கன்ட்ரோல் மாநாடு, இங்கே இந்தியன் கன்ட்ரோல் கான்ஃபரன்ஸ் ஆகியவற்றில் முதலில் கொடுத்துப் பேசிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அந்த மூன்றாம் வருஷத்தில் வீட்டிலிருந்து போன் போட்டு "இன்னும் முடியலையா, பக்கத்து வீட்டுப் பையன் கொச்சி இன்ஃபோபார்க்கில் ஐடி வேலையில் சேர்ந்துட்டான்" என்று வாரம் ஒரு முறை சொல்லாதீர்கள். ஷட்டர்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வழியில் இருக்கிறது.

வேலை கிடைக்கும் இடங்கள் மூன்று வகை. ஐஐடி, என்ஐடி ஒரு வகை. பிஎச்டிக்குப் பிறகு மூன்று வருஷ அனுபவம் இருந்தால் ஐஐடியில் அசிஸ்டன்ட் புரொபசர் முதல் கிரேடு, அடிப்படைச் சம்பளம் 1,01,500 ரூபாய். முழுப் பேராசிரியர் ஆகும்போது 1,59,100-ல் தொடக்கம். பாடம் நடத்தும் நேரம் குறைவு, ஆராய்ச்சி எதிர்பார்ப்பு அதிகம். சேர்ந்த முதல் வருஷங்களில் லேப் அமைப்பது, திட்டப் பணத்துக்கு விண்ணப்பம் எழுதுவது, முதல் பிஎச்டி மாணவரைத் தேர்ந்தெடுப்பது என்று நாள் போய்விடும்.

இரண்டாவது, அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகள். கேரளத்தில் அரசுக் கல்லூரிக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (பிஎஸ்சி) தேர்வு, தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டிஆர்பி) தேர்வு. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ அளவில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. அசோசியேட் ஆக பிஎச்டியும் கட்டுரைகளும் எட்டு வருஷ அனுபவமும், புரொபசர் ஆக பத்து வருஷமும் குறைந்தபட்சம். யுஜிசி கணக்கில் அசிஸ்டன்ட் புரொபசருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. இந்தக் கல்லூரிகளில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். இங்கே ஒரு நல்ல கன்ட்ரோல் ஆசிரியர் இருந்தால் ஒரு தலைமுறையே மாறும். எனக்கு அப்படி ஒருவர் வாய்த்தார்.

மூன்றாவது, தனியார் கல்லூரிகள். எல்லையின் இரு பக்கமும் நிறைய இருக்கின்றன. நன்றாக நடத்துகிறவர்களும் உண்டு. ஆனால் அரசு அளவுச் சம்பளம் எல்லா இடத்திலும் கிடைக்காது. நான் கொஞ்ச காலம் இருந்த ஓரிடத்தில் மே மாதம் முழுக்க ஆசிரியர்களை வீடு வீடாக அட்மிஷன் பிடிக்க அனுப்பினார்கள். லேபில் இருந்த ஒரே சர்வோ மோட்டார் கிட் ரிப்பேராகி இரண்டு வருஷம் மூலையில் கிடந்தது. அங்கே ஆராய்ச்சி செய்ய முடியாது என்று சொல்லமாட்டேன், செய்தவர்களைத் தெரியும். ஆனால் அதற்கு இரட்டிப்புப் பலம் வேண்டும். ஒரு பெண் பிள்ளை அந்த பலத்தை வீட்டிலும் செலவழித்துக் கல்லூரியிலும் செலவழிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் முதல் வேலையை அவசரத்தில் பிடிக்காமல் போஸ்ட் டாக் ஒரு வருஷம் கூடுதலாக இருந்தாலும் பொறுக்கச் சொல்கிறேன்.

இதெல்லாம் எங்கே போய் முடியும் என்றும் யோசிப்பீர்கள். இந்தத் துறையில் அது ஆளுக்கு ஆள் வேறு. குண்டூரில் 1947-ல் பிறந்த எம். வித்யாசாகர் அமெரிக்காவில் விஸ்கான்சினில் 1969-ல் பிஎச்டி முடித்து, கனடாவில் இருபது வருஷம் பேராசிரியராக இருந்தார். 1989-ல் பெங்களூர் வந்து ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் செயற்கை நுண்ணறிவு, ரோபாட்டிக்ஸ் மையத்துக்கு இயக்குநர் ஆனார். 2000-ல் டிசிஎஸ், 2009-ல் மறுபடி டெக்சாஸில் பேராசிரியர், அப்புறம் ஐஐடி ஹைதராபாத். கன்ட்ரோலில் தொடங்கியவர் பிற்பாடு புற்றுநோய் உயிரியல் தரவுகள் வரை போனார். 2012-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை ஃபெல்லோவாக எடுத்தது. சென்னை ஐஐடியில் 1973-ல் பி.டெக் முடித்த பி.ஆர். குமார் முதலில் ஒரு கணிதத் துறையில் பாடம் நடத்தினார். தானே கற்றுத் திருத்திக்கொள்ளும் கன்ட்ரோலர்களில் பெயர் வாங்கினார். பிறகு கம்பியில்லாத் தொடர்பு வலைகளுக்குத் திரும்பி அங்கேயும் அடித்தளக் கட்டுரை எழுதினார். இருவரையும் அங்கே கொண்டுபோனது கணக்கு. பதவியின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது, லீனியர் அல்ஜீப்ராவும் நிகழ்தகவும் கூடவே வந்தன. உங்கள் மகள் இந்தக் கணக்கை இப்போது எவ்வளவு ஆழமாகப் போட்டு வைக்கிறாளோ, ஐம்பது வயதில் அவ்வளவு தூரம் திரும்ப முடியும்.

பெண் பிள்ளை என்பதால் இன்னும் இரண்டு பேரைச் சொல்லவேண்டும். இர்ம்கார்ட் ஃப்ளூகே லோட்ஸ் என்ற ஜெர்மன் பெண்மணி, திறந்தால் முழுக்கத் திறப்பு, அடைத்தால் முழு அடைப்பு என்று இயங்கும் கன்ட்ரோலர்களின் கணிதத்தில் முன்னோடி. 1948-ல் கணவரோடு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தார். கணவருக்குப் பேராசிரியர் பதவி, இவருக்கு விரிவுரையாளர் பதவி. கணவனும் மனைவியும் ஒரே துறையில் பேராசிரியராக இருக்கக்கூடாது என்ற விதி. பன்னிரண்டு வருஷம் அந்தச் சின்னப் பதவியிலேயே பிஎச்டி மாணவர்களை வழிநடத்தினார். 1960-ல், மாஸ்கோவில் நடந்த முதல் உலகத் தானியங்கிக் கட்டுப்பாட்டு மாநாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து போன ஒரே பெண் பிரதிநிதியாகத் திரும்பியபோது, முழுப் பேராசிரியர் பதவி தராமல் வைத்திருப்பதற்கு அவர்களிடம் காரணம் இருக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு பொறியியலில் முதல் பெண் பேராசிரியர் அவர். நம் பக்கத்தில், திருவனந்தபுரத்தில் கன்ட்ரோல் இன்ஜினியரிங் படித்த வி.ஆர். லலிதாம்பிகா அங்கே இஸ்ரோவின் ராக்கெட் மையமான விஎஸ்எஸ்சியில் ராக்கெட்டின் கட்டுப்பாட்டு முறைகளில் பல வருஷம் வேலை செய்து, 2018-ல் இஸ்ரோவின் மனித விண்வெளிப் பயணத் திட்டத்துக்கு இயக்குநர் ஆனார். பேராசிரியர் பாதையில் மனம் மாறினால் இந்தக் கதவும் இருக்கிறது. கல்யாணம் எப்போது என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் உரிமை அவளுடையது. பிஎச்டி நடுவில் கல்யாணம் செய்து நன்றாக முடித்த மாணவிகள் எனக்கு உண்டு. அவர்கள் எல்லோருடைய வீட்டிலும் ஒருவராவது, கணவரோ மாமியாரோ, இந்த வேலையின் தாமதத்தைப் புரிந்துகொண்டவராக இருந்தார்.

தமிழ் மீடியம் பற்றி. முதல் இரண்டு வருஷம் கஷ்டப்பட்டிருப்பாள், அது முடிந்துவிட்டது. மூன்றாம் வருஷத்தில் ஒரு பாடம் பிடித்துப்போகிறது என்றால் மொழி தடையாக நிற்கவில்லை என்று அர்த்தம். நம் தாலுகாப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், புத்தகத்தில் ஆங்கிலம். மூன்று மொழியில் ஒரே விஷயத்தை யோசித்துப் பழகியவர்களுக்கு, ஒரே அமைப்பை டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன், ஸ்டேட் ஸ்பேஸ் என்ற இரண்டு கணித வடிவங்களில் மாற்றி மாற்றிப் பார்ப்பது சிரமமாக இருப்பதில்லை. இதை மனசாரச் சொல்கிறேன், பல பேரிடம் பார்த்திருக்கிறேன். எழுதும் ஆங்கிலம் மட்டும் பயிற்சியால் வரவேண்டும். தினம் ஒரு பத்தி: இன்று வகுப்பில் என்ன புரிந்தது என்று ஆங்கிலத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நான் அப்படி எழுதிய நோட்டுகள் பதினொன்று. முதல் நோட்டைப் படித்தால் எனக்கே புரியாது, ஐந்தாவது நோட்டிலிருந்து சரியாக இருக்கும்.

அடுத்த செமஸ்டருக்கு என்ன எடுக்கலாம் என்றும் அவள் யோசித்துக்கொண்டிருப்பாள். லீனியர் அல்ஜீப்ரா விருப்பப் பாடமாக இருந்தால் அதை. இல்லையென்றால் ஐஐடிக்காரர்கள் நடத்தும் என்பிடெல் வகுப்பில் இலவசமாகப் பார்க்கலாம். ஐகன் மதிப்பு என்றால் என்ன என்று சூத்திரம் இல்லாமல் உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். நீங்கள் புரிந்துகொள்ளும்வரை விளக்கினால், அவள் புரிந்துகொண்டாள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அதை நீங்களும் சேர்ந்தே செய்யலாம். அடுத்த முறை மூலத்தறையில் தண்ணீர் திறக்கும்போது எத்தனை மணிக்கு ஷட்டரை எவ்வளவு தூக்கினார்கள் என்று அங்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தோப்பு வாய்க்காலில் ஒரு குச்சியை நட்டு, அடையாளம் போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை உயரத்தைக் குறித்துவையுங்கள். பத்து நாள் குறிப்பு கிடைத்தால் போதும். எத்தனை மணி நேரத் தாமதம், அதன் பிறகு எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்ற இரண்டு எண்ணை அதிலிருந்து அவள் எடுக்கட்டும். எடுத்துவிட்டு எனக்கு எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு ஷட்டரை எப்படி நகர்த்துவது என்று நானும் அவளும் உட்கார்ந்து பார்க்கிறோம்.